‘புயலிலே ஒரு தோணி’யை ஓய்வுக்காலத்தில் படிப்பவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியில் ஒரு பழைய வீட்டுப் பட்டாலைக் கூடத்தில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூடிப் படிக்கிற கூட்டம் எங்களுடையது. பெரும்பாலும் ஓய்வுபெற்றவர்கள். பேரன் பேத்திகள் வெளியூரில். இந்தமுறை எடுத்திருப்பது ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ நாவல்; இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இந்தோனேசியத் தீவான சுமத்ராவிலும் மலேயாவிலும் இருந்த தமிழர்களின் கதை. படித்து முடித்ததும் ஆளுக்கொரு விமர்சனம் எழுதி வந்து வாசிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. புதிதாகச் சேருகிறவர்கள் கேட்பதெல்லாம் ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். அதனால் பதில்களை இங்கே எழுதிவைக்கிறேன்.

இந்த வயதில் போர்க்கால நாவல் எதற்கு? பக்தி, பயணம் என்று எவ்வளவோ இருக்கிறதே?

இருக்கிறது, அதையும் படியுங்கள். ஆனால் நாம் உட்கார்ந்து படிக்கிற இந்த வீடே கடல் தாண்டிப் போனவர்கள் அனுப்பிய காசில் எழும்பியது. தூண் பர்மா தேக்கு. பொங்கலுக்குக் கிண்டுகிற கவுனி அரிசி பர்மாவிலிருந்து வந்தது. அந்தக் காசு வரத்து எப்படி நின்றது என்று கேட்டால் “சண்டை வந்துச்சு, எல்லாம் போச்சு” என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அந்த ஒரு வரிக்குள் என்னென்ன நடந்தது என்பதை இவ்வளவு பக்கத்தில் போய்ப் பார்த்த தமிழ் நாவல் எனக்குத் தெரிந்து வேறில்லை.

இன்னொன்று, கொஞ்சம் வயதானபின் படிப்பதில் ஒரு வசதி. இருபத்தைந்தில் படிக்கிறவன் கதாநாயகன் பாண்டியனின் துணிச்சலைப் பார்ப்பான். நமக்கு அவன் பக்கத்தில் நிற்கிற நடுவயதுக் கடைக்காரர்கள் கண்ணில் படுவார்கள். கடை என்னாகும், கணக்கு என்னாகும், ஊருக்கு எப்படித் தகவல் சொல்வது என்று கலங்கி நிற்பவர்கள். போர் என்பது அவர்களுக்கு அதுதான்.

சிங்காரம் நம் பக்கத்துக்காரரா?

சிங்கம்புணரிக்காரர். திருப்பத்தூர் தாண்டினால் வந்துவிடும். 1920இல் பிறந்தவர். பதினெட்டு வயதில் சுமத்ராவில் உள்ள மெடான் நகரத்துக்கு வட்டிக்கடை வேலைக்குப் போனார். போர் முடிந்து ஊர் திரும்பியபின் மதுரையில் ‘தினத்தந்தி’யில் வேலை பார்த்தார். எழுதியது இரண்டே நாவல். முதல் நாவல் ‘கடலுக்கு அப்பால்’, ‘கலைமகள்’ போட்டியில் பரிசு பெற்று 1959இல் புத்தகமானது. ‘புயலிலே ஒரு தோணி’ 1960களின் தொடக்கத்திலேயே எழுதப்பட்டும் 1972இல்தான் வெளிவந்தது. வந்த பிறகும் பெரிய பேச்சில்லை. அவர் 1997இல் இறந்தபின்புதான் புத்தகம் பரவலாகப் படிக்கப்பட்டது என்று சொன்னால் தப்பாகாது.

இரண்டாம் உலகப்போர் வரலாறு தெரிந்திருக்க வேண்டுமா?

முழுசாக வேண்டாம். சில தேதிகளை அட்டையின் உள்பக்கத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டால் போதும். 1941 டிசம்பரில் ஜப்பானியர் மலேயாவில் இறங்கினார்கள், அதே மாதம் பினாங்கில் குண்டு விழுந்தது. 1942 பிப்ரவரி 15 சிங்கப்பூர் சரணடைந்தது. மார்ச் மாதம் மெடான் விழுந்தது; நாவல் தொடங்குவது அங்கேதான். 1943 ஜூலையில் சிங்கப்பூரில் கிழக்காசிய இந்தியர்களின் விடுதலை இயக்கத்துக்கு நேதாஜி தலைமை ஏற்றார். 1945 ஆகஸ்ட் 15 ஜப்பான் பணிந்தது.

இதுவரைக்கும் எல்லோருக்கும் ஓரளவு தெரியும். பலரும் தடுமாறுவது அதற்கடுத்த இடத்தில். ஜப்பான் பணிந்தபிறகும் நாவலில் சண்டை ஓயாது. “போர் முடிஞ்சிருச்சே, இன்னும் ஏன் சுடுறான்?” என்று எங்கள் கூட்டத்திலும் கேட்டார்கள். 1945 ஆகஸ்ட் 17இலேயே இந்தோனேசியா விடுதலையை அறிவித்துவிட்டது. பழைய ஆட்சியைப் பிடிக்க டச்சுக்காரர்கள் திரும்பி வந்தார்கள். 1949 டிசம்பரில் ஆட்சியை ஒப்படைக்கிறவரை அங்கே வேறொரு போர் நடந்தது. பாண்டியன் மெடானிலிருந்து தொங்கானில் ஏறிப் புயலில் சிக்கிப் பினாங்கு போகிறான். அங்கே இந்திய தேசிய ராணுவத்தில் சேருகிறான். பிறகு சுமத்ராவுக்குத் திரும்பி இந்தக் கெரில்லாச் சண்டைக்குள் போகிறான். இந்த வரிசை மனதில் இருந்தால் வழி தப்பாது.

நம் ஊரில் கடல் கடந்தது எல்லாமே ‘பர்மா’ என்று ஒரு நினைப்பு உண்டு. இது பர்மா கதை அல்ல. சுமத்ரா டச்சுக்காரன் ஆட்சியில் இருந்தது, காசு கில்டர், பேச்சு மலாய்.

முதல் சில அத்தியாயங்களிலேயே திணறுகிறது. தெருப்பெயர், மலாய், டச்சு, திடீரென்று மதுரை...

திணறட்டும். ஜப்பானியப் படை நுழைவதைப் பார்க்கச் சனம் தெருவில் நிற்கிறது. அப்புறம் கொள்ளை, அப்புறம் தண்டனை. அந்த ஊரில் வாழ்ந்தவர்களுக்கே அன்றைக்கு என்ன நடக்கிறதென்று விளங்கியிருக்காது. ஆசிரியர் நம்மையும் அந்தக் கூட்டத்தில் ஒருவராக நிற்கவைக்கிறார்.

சொற்களுக்காக நின்று நின்று போக வேண்டாம். ‘துவான்’ என்றால் துரை, ‘தவ்க்கே’ என்றால் சீன முதலாளி, ‘தொங்கான்’ சரக்குப் பாய்மரக் கலம். பத்துப் பன்னிரண்டு சொல் பழகினால் மற்றது தானாக விளங்கும். நம்மில் பலருக்குக் ‘கிட்டங்கி’, ‘மேலாள்’, ‘அடுத்தாள்’, ‘பெட்டியடிப் பையன்’ எல்லாம் விளக்கம் இல்லாமலே புரிகிறதல்லவா? சென்னையில் படிக்கிறவருக்கு அதற்கும் அடிக்குறிப்பு வேண்டும்: கிட்டங்கி வட்டிக்கடைகள் இருக்கும் கட்டிடம், மேலாள் கடையை நடத்துகிறவர், அடுத்தாள் அவருக்கு அடுத்தவர், பெட்டியடிப் பையன் எடுபிடி.

மதுரை நினைவுகள் வருகிற இடத்தில் மட்டும் வேகத்தைக் குறையுங்கள். கதை அங்கே நகராது, சரிதான். ஆனால் கடலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து ஒருவன் ஊரை நினைப்பது இப்படித்தான்: தெரு, கடை, சந்தை, ஆள் பெயர், சாப்பாடு என்று ஒன்றன்மேல் ஒன்றாக, காலவரிசை இல்லாமல். இந்த நாவலில் ஆகச் சிறந்த எழுத்து சண்டைக் காட்சிகளில் இல்லை, இந்த நினைவுகளில்தான் இருக்கிறது என்பது என் கட்சி. கூட்டத்தில் பாதிப்பேர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

எழுத்து பொடியாக இருக்கிறது. கண்புரை அறுவை முடிந்து இப்போதுதான்...

மருத்துவர் சரி என்று சொல்லும்வரை கையில் எடுக்காதீர்கள். பிறகு மின்நூலாகக் கிடைத்தால் எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம். அதைவிட நல்லது, ஒருவர் வாசிக்க இன்னொருவர் கேட்பது. பேச்சு நடை நிறைய உள்ள நாவல், காதுக்கு நன்றாக வரும்.

வட்டிக்கடைக்காரர்களை மட்டமாகக் காட்டுகிறதாமே?

படித்துவிட்டுச் சொல்லுங்கள். கடையின் உள்வாழ்க்கையை அவர் மறைக்கவில்லை. பெட்டியடிப் பையன் வாங்கும் ஏச்சு, மேலாளுக்கு நடுங்கும் அடுத்தாள், காசில் கறார், எல்லாம் உண்டு. கேலியும் உண்டு. ஆனால் அந்தக் கேலி வெளியே நின்று பார்த்தவனுடையது இல்லை, பெட்டிக்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்து எழுதியவனுடையது. தவிர, அந்த உலகம் செட்டியார்களான நகரத்தாரோடு முடிந்ததும் இல்லை. பல சாதிக்காரர்கள் அதே முறையில் கடை வைத்தார்கள், வேலைக்கும் போனார்கள். சிங்காரமே அப்படிப் போனவர்தான்.

லேவாதேவியைப் பற்றி மனதில் இருக்கும் கணக்கை விமர்சனத்தில் தீர்க்கப் பார்க்காதீர்கள், எந்தப் பக்கம் நின்றாலும். பர்மாவில் 1930களின் விலை வீழ்ச்சிக்குப்பின் கடன் திரும்பாமல், கீழ் பர்மாவின் நெல் நிலத்தில் ஏறக்குறைய கால்பங்கு செட்டியார்கள் கைக்கு வந்தது வரலாறு. அந்த நிலமிழந்த பர்மியக் குடியானவனுக்கும் ஒரு கதை இருக்கும். 1948இல் நிலங்களை நாட்டுடைமையாக்கச் சட்டம் வந்தபோது ரங்கூனில் பலர் சந்தோஷப்பட்டதற்கும் நம் வளவு வீடுகளில் இடிவிழுந்ததற்கும் காரணம் ஒன்றுதான்.

எங்கள் ஐயா மலேயாவில் இருந்தவர். அவர் கதையை விமர்சனத்தில் எழுதலாமா?

எழுதலாம். எழுத வேண்டும் என்றே சொல்வேன். ஆனால் இங்கேதான் முக்கால்வாசிப் பேர் சறுக்குகிறார்கள்.

எங்கள் கூட்டத்தில் ஒருவர், கூட்டுறவு வங்கியில் இருந்து ஓய்வுபெற்றவர், வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் இருந்த பெட்டகத்திலிருந்து ஒரு நோட்டுக்கட்டை எடுத்து வந்தார். ஜப்பானியர் மலேயாவில் அடித்த பத்து டாலர் நோட்டு. ஒரு பக்கம் வாழை மரமும் தாரும். சில நோட்டில் வரிசை எண்கூடக் கிடையாது, ‘எம்’ என்று தொடங்கும் எழுத்துகள் மட்டும். நூல்கயிறு கட்டியிருந்த இடத்தில் தாள் பழுப்பேறி, மற்ற இடம் புதுசு மாதிரியே இருந்தது. அவர் எழுதி வந்த விமர்சனம் முதல் பத்தியில் சிங்காரத்தில் தொடங்கி, இரண்டாம் பத்தியில் ஐயா கப்பலேறி, கடைசிவரை திரும்பவே இல்லை. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் புத்தகத்தைக் காணோம்.

பிறகு பேசிப் பேசி அவரே ஒரு வழி கண்டார். போருக்கு முன் நல்ல டாலரில் வாங்கிய கடனை, ஆக்கிரமிப்புக் காலத்தில் இந்த வாழைமர நோட்டில் கொண்டுவந்து கட்டினார்கள். வாங்க மாட்டேன் என்று சொல்லப் பயம். வாங்கினால் நாளைக்குக் காகிதம். ஜப்பான் பணிந்த மறுநாள் அது வெறும் காகிதமேதான் ஆனது. இதை வைத்துக்கொண்டு நாவலுக்குள் போய், காசின் மதிப்பு ஆடும்போது மனிதர்களின் பேச்சு எப்படி மாறுகிறது, பெரிய முதலாளி யார் சின்னவர் யார் என்ற வரிசை எப்படிக் கலைகிறது என்று பார்த்து எழுதினார். ஐயா நான்கே வரியில் வந்தார். நோட்டுக்கட்டு ஒரு வரி. நான் இதுவரை அங்கே கேட்டதில் அதுதான் முதல்தரம்.

அளவு சொல்லச் சொன்னால் இப்படிச் சொல்வேன்: குடும்ப விஷயம் கூட்டுக்குப் பெருங்காயம் போல. நாவலில் இருக்கிற ஒன்றை வெளிச்சம் போட்டுக் காட்டுகிறதா, சேருங்கள். இல்லையா, அதைத் தனிக் கட்டுரையாக எழுதுங்கள். அதற்கும் ஒரு ஞாயிறு ஒதுக்கலாம்.

வீட்டுப் பெண்களிடம் இந்த நாவலைப் பற்றி என்ன பேசுவது?

நீங்கள் பேச வேண்டாம், அவர்களைப் படிக்கவிடுங்கள். பள்ளத்தூர்ப் பக்கத்து ஆச்சி ஒருவர், எண்பதைத் தாண்டியவர், மகள் வாசிக்க முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னது: “எல்லாம் சரிப்பா, இதுல எங்க ஆத்தா எங்க இருக்காக?”

நியாயமான கேள்வி. கொண்டுவிக்கப் போனவர்கள், அதாவது கடல் தாண்டித் தொழிலுக்குப் போனவர்கள், மூன்று வருஷக் கணக்குக்குப் போவார்கள். மனைவி ஊரில் இருப்பார். 1942இல் கடிதம் நின்றது. ஆள் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாது. அந்த மூன்றரை வருஷம் வீட்டை ஓட்டியவர்கள், நகையை அடகு வைத்தவர்கள், மகளுக்கு நல்லது பொல்லது பார்த்தவர்கள் ஆச்சிமார்கள். தாலிகட்டிய ஆள் உயிரோடு இருக்கிறார் என்று நம்புவதா வேண்டாமா என்பதையும் தனியாகத்தான் முடிவு செய்தார்கள். கதை அந்தப் பக்கம் போவதே இல்லை. ஆண்கள் ஊரை நினைக்கிறார்கள். ஊர் அவர்களை எப்படி நினைத்தது என்பது பக்கங்களுக்கு வெளியே நிற்கிறது.

இதைக் குறை என்று எழுதலாமா? எழுதலாம், ஆனால் அவர் எழுதாததற்காகச் சாட வேண்டியதில்லை. ஒரு கப்பலில் ஏறியவன் பார்த்ததை எழுதியிருக்கிறார். பார்க்காதது எது என்று அடையாளம் காட்ட நம் ஊர் வாசகருக்குத்தான் முடியும். மதுரை, சென்னை விமர்சகர்கள் மொழிநடையைப் பற்றியும் காலத்தை முன்பின்னாக மாற்றிச் சொல்வதைப் பற்றியும் போதிய அளவு எழுதிவிட்டார்கள். இந்த வெற்றிடத்தைப் பற்றி எழுத ஒரு ஆச்சி போதும். அவர் எழுத மாட்டேன் என்கிறார். சொல்லச் சொல்ல மகள் எழுதிக்கொண்டிருக்கிறார்.

தமிழையே கேலி செய்கிறாரே? கோபம் வருகிறது.

பாண்டியனும் அவன் நண்பன் மாணிக்கமும் தமிழ்ப் பெருமையை எடுத்துவைத்துக் கிழிக்கிற இடங்களைச் சொல்கிறீர்கள். எங்களிலும் ஒருவர் புத்தகத்தை மூடிவைத்தார். கம்பன் விழாவில் முன்வரிசையில் உட்காருகிறவர், பாவம்.

ஒன்றைக் கவனியுங்கள். கேலி செய்கிறவனுக்குச் சிலப்பதிகாரம் மனப்பாடம். பழந்தமிழ் வரிகள் வட்டிக்கடை நடுவிலும் கப்பல் தளத்திலும் அவன் வாயில் வந்து விழுகின்றன. படிக்காதவனின் கிண்டல் இது இல்லை. வெளிநாட்டில் கூலியாகவும் கடைப்பையனாகவும் நின்றுகொண்டு, கல்லில் பொறித்த பழம்பெருமையைக் கேட்கும்போது வருகிற எரிச்சல். அது உங்களுக்குச் சம்மதமா என்பது வேறு. மறுத்து எழுதுங்கள், நல்ல விமர்சனமாக வரும். என் குறை வேறு: இந்த வாதங்கள் நீளம். இரண்டு பேர் பேசுவதாகத் தொடங்கி, ஒரே ஆள் இரண்டு குரலில் பேசுவதாக ஆகிவிடுகிறது.

சில பகுதிகளை ஆண் பெண் கலந்த கூட்டத்தில் வாசிக்க முடியுமா?

முடியும். போர்க்காலத் துறைமுக ஊர், வீட்டை விட்டு வந்த ஆண்கள். விலைமாதர் வீடு வராமல் எப்படி இருக்கும்? நாங்கள் தயங்கித் தாண்டப் பார்த்தபோது “தாண்டாம வாசிங்க” என்று சொன்னது ஆச்சிமார்கள்தான்.

விமர்சனம் எழுதியதே இல்லை. எங்கே தொடங்குவது?

“தமிழின் தலைசிறந்த நாவல்களில் ஒன்று” என்று தொடங்காதீர்கள். அதைச் சொல்ல நீங்கள் தேவையில்லை. கதைச்சுருக்கத்தை இரண்டு பக்கத்துக்கு எழுதுவதும் வேண்டாம்.

படிக்கும்போதே பென்சில் வைத்துக்கொண்டு, கை நின்ற இடத்தில் ஓரத்தில் ஒரு கோடு. ஏன் நின்றது என்று இரண்டு சொல். முடித்தபின் கோடு போட்ட இடங்களை மட்டும் புரட்டிப் பாருங்கள். எல்லாம் ஏதோ ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். தேவகோட்டையிலிருந்து வரும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவருக்குக் கோடுகள் எல்லாம் சாப்பாட்டு இடங்களில் விழுந்திருந்தன! முதலில் கூச்சப்பட்டார். பிறகு அதையே எழுதினார்: யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், போருக்கு முன் யாருக்கு முதல் பந்தி, போர் வந்தபின் எந்த வரிசை உடைந்தது என்று. கடையின் அடுக்குமுறை சரிவதை அந்த ஒரு நூலைப் பிடித்தே காட்டிவிட்டார்.

அந்த முதல் கோட்டை விவரித்துத் தொடங்குங்கள். நடுவில் எங்கேயாவது கதை என்ன என்று ஐந்தாறு வரியில் சொல்லிவிடுங்கள், படிக்காதவரும் கூட்டத்தில் இருப்பார். பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்று எழுதுங்கள், காரணத்தோடு. நம் வயதில் எல்லாவற்றையும் வாழ்த்துரை மாதிரி எழுதுகிற பழக்கம் வந்துவிடுகிறது. மணிவிழா மலர்களுக்கு எழுதி எழுதிக் கெட்ட கை.

மற்றவர்கள் எழுதிய விமர்சனங்களை முதலில் படித்துவிடலாமா?

வேண்டாம். உங்களுடையதை எழுதிய பிறகு.

இருபது வயதில் படித்தது. மறுபடி படிக்க வேண்டுமா?

கட்டாயம். அப்போது அடிக்கோடிட்ட பிரதி இருந்தால் இன்னும் நல்லது. வேறு நிறத்தில் இப்போது கோடு போடுங்கள். எங்களில் இருவர் அப்படிச் செய்தார்கள், இரண்டு நிறமும் ஒரே பக்கத்தில் விழுந்தது மிக அபூர்வம். பழைய கோடுகள் எல்லாம் வசனங்கள், தத்துவம். புதியவை ஆட்கள்மேல், அதிலும் பெயர்கூட இல்லாத சில்லறை ஆட்கள்மேல். இந்த வித்தியாசம் ஒன்றே மூன்று பக்கம் எழுத வரும்.

‘கடலுக்கு அப்பால்’ முதலிலா, பிறகா?

எளிதாக வேண்டுமென்றால் அதை முதலில். பினாங்கு, வட்டிக்கடை, இந்திய தேசிய ராணுவத்திலிருந்து திரும்பிய செல்லையா, முதலாளியின் மகள் மரகதம். நேர்க்கோட்டில் போகும் கதை. துப்பாக்கி பிடித்த பையனுக்கு இனி கடை ஒத்துவராது என்று முதலாளி கணக்குப் போடுகிற இடம், மகள் கல்யாணத்தை நடத்தியவர்களுக்கு நன்றாக உறைக்கும். இரண்டையும் ஒரே புத்தகமாகப் போட்ட பதிப்புகளும் உண்டு, வாங்கினால் அதை வாங்குங்கள்.

விமர்சனத்தில் முடிவைச் சொல்லலாமா?

எங்கள் கூட்டத்தில் எல்லோரும் படித்திருப்பார்கள், சொல்லலாம். வெளியே அனுப்புவதாக இருந்தால் பாண்டியனுக்கு என்னாகிறது என்பதை விட்டுவிடுங்கள். அந்த முடிவு சரியா, ஆசிரியர் அவசரப்பட்டாரா என்று எங்களுக்குள் இன்னும் தகராறு. “வேற எப்படி முடிக்க? அவன் ஊருக்கு வந்து என்ன செய்வான், கடை வைப்பானா?” என்று ஒருவர் கேட்டார். யாருக்கும் பதில் வரவில்லை.

முடிக்க முடியவில்லை. பாதியில் நிற்கிறது. வரலாமா?

வாருங்கள். எந்தப் பக்கத்தில் நின்றது, ஏன் நின்றது என்று எழுதி வாருங்கள், அதுவும் வாசிக்கப்படும். மழை இல்லாவிட்டால் ஐந்து மணிக்குத் தொடங்குவோம். காபி உண்டு, சர்க்கரை இல்லாதது தனியாக.